மழையில் வண்டி: ஒரு மாதக் குறிப்புகள்

ஜூன் 6

இன்று விழுந்தேன். வேகம் ஒன்றும் இல்லை, நின்ற இடத்தில் விழுந்தேன். பல நாள் காய்ந்து கிடந்த சாலையில் தூறல் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சிக்னலில் பிரேக் ஒழுங்காகத்தான் பிடித்தது. வண்டி நின்றதும் இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடம் நடந்து போகிறவர்களுக்கான வெள்ளைப் பட்டை. சோப்பை மிதித்த மாதிரி கால் வெளியே ஓடியது. வண்டி மெதுவாகச் சாய்ந்து என் தொடைமேல் படுத்துக்கொண்டது. முழங்காலில் சிராய்ப்பு, கிளட்ச் லீவர் வளைந்துவிட்டது. பின்னால் நின்றவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

ஜூன் 7

மனசு கேட்கவில்லை. காலையில் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு அதே இடத்துக்கு நடந்தே போனேன், கையில் ஒரு தண்ணீர் பாட்டில். சாலை ஓரத்துப் பட்டையின் நுனியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன். தாரில் ஷூ நறநறவென்று பிடிக்கிறது. ஒரு சாண் தள்ளிப் பட்டைமேல் தேய்த்தால் சத்தமே இல்லை, சர்ரென்று போகிறது.

குனிந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. தாரில் சிறு ஜல்லிகளின் முனைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, அவற்றின் இடுக்கில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. பட்டையோ அந்த இடுக்கையெல்லாம் மூடி மெழுகியிருக்கிறது. தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை, மேலேயே நிற்கிறது. என் ஷூவுக்கு நடந்ததுதான் டயருக்கும் நடக்கும். இத்தனை வருடம் அந்தக் கோடுகள்மேல் சாய்த்துத் திருப்பியிருக்கிறேன்!

ஜூன் 8

லீவர் மாற்றியாகிவிட்டது. மழை இல்லை.

ஜூன் 11

மறுபடி தூறல். இந்த முறை ஒதுங்கி நின்றேன். கொட்டும் மழையில் பயந்து ஓட்டுவதும் தூறலில் நனைவதற்குள் போய்விடலாம் என்று முறுக்குவதும்தான் என் பழக்கம். இரண்டில் தூறல்தான் அதிகம் வழுக்கும். வண்டிகள் சொட்டவிட்ட எண்ணெய், டயர் தேய்ந்த ரப்பர்த் தூள், புழுதி எல்லாம் முதல் ஈரத்தில் குழைந்து பசையாகிவிடும். நன்றாக அடித்துப் பெய்தால் அதில் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போகும். அதனால் வறண்ட நாட்களுக்குப் பின் வரும் முதல் மழையில் கால் மணி நேரம் பொறுப்பது நல்லது.

சிக்னலில் இன்னொன்றையும் கவனித்தேன். தடத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. கார்கள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய இடம். சக்கரங்கள் ஓடும் இரண்டு ஓரமும் எவ்வளவோ சுத்தம்.

ஜூன் 15

ரயில்வே கேட். தண்டவாளம் சாலையைக் கோணலாகக் குறுக்கிடும் இடம். எனக்கு முன்னால் போனவர் நேராகவே விட்டார், அவருடைய பின்சக்கரம் தண்டவாளத்தோடு ஒரு முழம் சறுக்கி, பிறகு ஏறியது. எப்படியோ சமாளித்துவிட்டார். நான் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சம் ஒதுங்கி, கூடியவரை செங்கோணமாக வரும்படி திருப்பிக்கொண்டேன். சக்கரம் இரும்பைத் தொடும்போது பிரேக்கும் இல்லை, முறுக்கலும் இல்லை, சாய்வும் இல்லை. பாலத்தின் இணைப்பு இரும்புக்கும் சாக்கடை மூடிக்கும் இதே வழிதான். வளைவில் மூடியைப் போட்டு வைத்தவர் வண்டியே ஓட்டாதவராக இருக்க வேண்டும்.

ஜூன் 19

டீசல். கண்ணுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்தது. டேங்க் நிறைய அடித்த லாரி வளைவில் திரும்பும்போது மூடி வழியே சிந்துவது உண்டு, அதனால் ரவுண்டானாவில்தான் பெரும்பாலும் கிடக்கும். ஈரத்தில் வானவில் நிறத்தில் படர்ந்திருந்தது. பார்ப்பதற்குள் அதன்மேல் இருந்தேன். பின்சக்கரம் உள்ளங்கை அகலம் நழுவி, தானாகப் பிடித்துக்கொண்டது. நான் செய்த ஒரே நல்ல காரியம், எதுவும் செய்யாமல் இருந்ததுதான். பிரேக்கைத் தொட்டிருந்தால் இதை இன்று எழுதியிருக்க மாட்டேன்.

ஜூன் 23

தெரிந்தவர் ஒருவர், "மழைக்கு டயரில் காற்றைக் குறைத்து வை, நல்லா பிடிக்கும்" என்றார். முன்பு நானும் நம்பியதுதான். ஆனால் மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது டயர் பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள். காற்று குறைந்தால் டயர் அமுங்கி அந்தப் பள்ளங்கள் நெருங்கிவிடும், தண்ணீர் போக வழி குறையும். வண்டிக் கையேட்டில் உள்ள அளவையே வைத்தேன். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டையும் தடவிப் பார்த்தேன். பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்தால் டயரை மாற்ற வேண்டும். முன் டயர் பரவாயில்லை. பின் டயர் இந்த மழையைத் தாண்டாது.

ஜூன் 24

பின் டயர் மாற்றினேன். புது டயரின் மேல்பளபளப்பு தேயும்வரை அதுவும் வழுக்கும், கடைக்காரரே எச்சரித்தார். ஆக, இன்னும் சில நாள் சாய்க்காமல் ஓட்ட வேண்டும்.

ஜூன் 28

நல்ல மழை. அதே சிக்னல். வெள்ளைப் பட்டைக்கு இரண்டடி முன்பே நிறுத்தி, தாரில் காலை ஊன்றினேன். முன்னால் அவ்வளவு இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். பச்சை விழும்வரை நான் அசையவில்லை.