கேஸ் ஸ்ட்ரீட்டில் ஏழு அடி

லிட்டில் இந்தியாவை ஒட்டிச் செல்லும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே திரள்கிறது; அத்தனைக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமே பொறுப்பு என்பதால், யாருடைய நீர் யாருடைய நீரோடு கலக்கிறது என்று இங்கு எவரும் வழக்காடுவதில்லை. இந்த ஏற்பாட்டின் அருமை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கேஸ் ஸ்ட்ரீட் படகுத்துறையின் வரலாற்றை அறிந்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

கடல் மட்டத்திலிருந்து 453 அடி உயரத்தில் இருக்கும் அந்த மேட்டு நகரத்தில் 1769 முதல் பர்மிங்காம் கால்வாய் நிறுவனம் நிலக்கரிப் படகுகளை விட்டுவந்தது. மேட்டிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு படகும், படகுகளை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் லாக் எனப்படும் கதவறை நிறைய நீரைத் தன்னோடு பள்ளத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், அங்கே நீர்தான் முதலீடு. 1791இல் வூஸ்டர் நகரிலிருந்து செவர்ன் ஆற்று வழியை இணைக்கப் புதிய கால்வாய்க்கு நாடாளுமன்றம் அனுமதி தந்தபோது, பழைய நிறுவனம் தன் நீரும் சுங்க வருமானமும் பறிபோகும் என்று அஞ்சி, புதிய கால்வாய் தன் கால்வாய்க்கு ஏழு அடி தூரத்துக்குள் நெருங்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

அதன் விளைவுதான் வூஸ்டர் பார் என்னும் தடுப்பு. இருபுறமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நீர் நிற்க, நடுவே ஏழு அடித் திட்டு. ஒரு படகிலிருந்து நிலக்கரியையும் சரக்கையும் இறக்கி, திட்டின் குறுக்கே தூக்கிச் சென்று, மறுபக்கப் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுமையைத் தோளில் தாங்கியவர்களை நினைக்கும்போது, பழைய நிறுவனத்தின் அச்சத்துக்குத் தொழிலாளர் கொடுத்த விலையாகவே இது எனக்குப் படுகிறது.

1815இல் புதிய கால்வாய் வூஸ்டர் வரை நிறைவடைந்த ஆண்டில், அந்தத் திட்டை வெட்டி ஒரு லாக் அமைத்தார்கள். ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்தில் 58 லாக்குகள் கொண்ட அந்த வழியில் வந்த படகுகள், அப்போதுதான் சரக்கை இறக்காமலே பர்மிங்காமைக் கடந்து வடக்கு நோக்கிப் போக முடிந்தது. கால்வாய் வலைப்பின்னல் என்று நாம் சொல்வது, நீளமான பெரிய கால்வாய்களால் மட்டும் உருவாவதில்லை. இத்தகைய சிறு வெட்டுகளுக்கு உரிமையாளர்கள் இணங்கினால்தான் உருவாகிறது. 1948இல் இரு கால்வாய்களும் அரசுடைமையாகி ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இப்போது அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கிறது. எஞ்சிய திட்டின் இருபுறமும் படகுகளைக் கட்டிவைக்கிறார்கள்.