மணிக்கு 4 மைல்

மே 16, வெள்ளி

இங்கிலாந்தின் எல்ஸ்மியர் வந்து, லாங்கொலன் கால்வாயில் போக வாடகைப் படகை வாங்கிக்கொண்டோம். 57 அடி நீளம், அகலம் 7 அடிகூட இல்லை. ரயில் பெட்டி ஒன்றைத் தூக்கித் தண்ணீரில் விட்டது மாதிரி இருக்கிறது. படகுக்காரர் அரை மணி நேரம் பாடம் நடத்தினார்: சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், எதிரே ஆள் வந்தால் வலது பக்கமாக ஒதுங்க வேண்டும், மணிக்கு 4 மைலைத் தாண்டக் கூடாது. "பிரேக் எங்கே?" என்று தம்பி கேட்டான். ரிவர்ஸ் கியர்தான் பிரேக்காம்.

நாயின் பெயரும் மணி என்பதால் நேற்றிலிருந்து "மணிக்கு 4 மைல்" ஜோக்கை தம்பி ஆறு தடவை சொல்லிவிட்டான். மணிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினோம், முதுகில் சூட்கேஸ் மாதிரி கைப்பிடி. மாட்டிய இடத்திலேயே சிலையாகிவிட்டான், ஒரு கால்கூட எடுத்து வைக்கவில்லை.

மே 17, சனி

அந்தக் கைப்பிடி வைத்தவர் நன்றாக இருக்கட்டும்.

காலையில் கரையோரம் படகைக் கட்டலாம் என்று மெதுவாக ஒதுக்கிக்கொண்டிருந்தோம். நான் கயிற்றோடு பின்பக்கம் நிற்கிறேன், இன்னும் ஒன்றரை அடி இடைவெளி இருக்கிறது, அதற்குள் கரையில் ஒரு வாத்தைப் பார்த்துவிட்டான் மணி. தாவினான், முன்கால்கள் புல்லில், மீதி உடம்பு தண்ணீரில். நான் கத்தியதும் தம்பி முதலில் செய்த காரியம் கியரை நியூட்ரலில் போட்டதுதான், அது ஒன்றுக்காகவே அவனுடைய ஜோக்குகளையெல்லாம் மன்னித்துவிட்டேன். பின்பக்கம் விழுந்தால் ஆபத்து தண்ணீர் இல்லை, அடியில் சுற்றுகிற புரொப்பெல்லர். அப்புறம் குப்புறப் படுத்து, கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு. மேலே வந்தவன் எங்கேயும் போகாமல் என் மேலேயே உதறினான். வாத்து அசையவே இல்லை.

பிற்பகலில் நியூ மார்ட்டன் லாக்குகள் இரண்டு, கால்வாயின் மட்டம் மாறுகிற இடத்தில் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள். படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவை மூடி, மேல்பக்க மதகைத் திறந்தால் தண்ணீர் நிரம்பி படகு தானாக மேலே ஏறும். மதகைத் திருகுவது என் வேலை, எல் வடிவ இரும்புச் சாவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், நல்ல கனம். மணியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். ஜன்னலுக்கு வெளியே பாசி படிந்த செங்கல் சுவர் மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தானாம்.

இரவு சர்க் என்ற ஊருக்கு முன்னால் கரையில் முளை அடித்துப் படகைக் கட்டியாயிற்று. ஊரில் மாடு கட்டுகிற அதே முளைதான், இரும்பில்.

மே 18, ஞாயிறு

கால்வாயையே தூக்கிக்கொண்டு போகிற சர்க் தொட்டிப் பாலத்தின் மேல் இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்குகிறது. பாலம் தாண்டிய கையோடு சுரங்கம், ஏறக்குறைய 420 மீட்டர், ஒரு படகுக்கு மட்டும்தான் இடம். உள்ளே எதிர்விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நுழைந்தோம். இந்தக் கால்வாய் மற்றவை போலத் தேங்கி நிற்காது, டீ (Dee) ஆற்றுத் தண்ணீரை ஹர்ள்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறது. 1944இல் மூடச் சொன்ன பிறகும் தூர்ந்துபோகாமல் பிழைத்தது அதனால்தான். எங்களுக்கு அது எதிர் நீரோட்டம், சுரங்கத்தில் எஞ்சின் அலறுகிறது, படகு ஊர்கிறது. மணி ஒரு தடவை குரைத்தான், எதிரொலி திரும்பி வந்ததும் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். மறுமுனை வரும்வரை சண்டை ஓயவில்லை.

அப்புறம் பொண்ட்கசுள்ட்டே தொட்டிப் பாலம். (பெயரை நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு விதமாகச் சொன்னார்கள்.) டெல்ஃபோர்டு, ஜெஸப் என்ற இரண்டு பொறியாளர்கள் கட்டி 1805இல் திறந்தது, 307 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 38 மீட்டர் உயரம். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் நடந்திருக்கிறேன், இங்கே தொட்டிக்குள் படகே போகிறது. ஒரு பக்கம் கம்பி வேலி போட்ட நடைபாதை. மறுபக்கம் வேலி கிடையாது, இரும்புத் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே சில அங்குலம்தான், அதைத் தாண்டினால் காற்று.

மணியோடு நான் உள்ளேயே இருந்துகொண்டேன், பயத்தில் இல்லை என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னலில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். கீழே ஒரு காகம் பறந்துபோனது. காகத்தின் முதுகை அவன் அதுவரை பார்த்ததில்லை போலும், ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். குரைக்கவில்லை.

மே 19, திங்கள்

லாங்கொலன் போகிற கடைசிப் பகுதியில் சில இடங்களில் இரண்டு படகு ஒதுங்க வழியில்லை. யாராவது முன்னால் நடந்துபோய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் மணியும் போனோம். படகைவிட நாங்கள்தான் வேகம். வளைவு தாண்டி நின்று கை காட்டுவோம், பின்னால் டக்டக்கென்று சத்தம் நெருங்கும், "அக்கா, வரலாமா?" என்பான் தம்பி. நான்கு நாளில் மணி வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது இன்றுதான்.

லாங்கொலன் துறையில் குதிரை இழுக்கும் படகு, 1884 முதல் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகிறது. அவ்வளவு பெரிய பிராணியைப் பக்கத்தில் பார்த்ததும் மணி என் காலுக்குப் பின்னால் போய்விட்டான். அதற்கு மேலே எஞ்சின் படகுக்கு அனுமதி இல்லை, குதிரைலாட அணை வரை நடந்தோம். கால்வாய்க்கு ஆற்றுத் தண்ணீர் பிரிவது அங்கேதான். மணி ஓரத்தில் நின்று நிதானமாகக் குடித்தான்.

நாளை திரும்ப வேண்டும், நீரோட்டம் இனி எங்கள் பக்கம். 57 அடிப் படகைத் திருப்பப்போவது யார் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.