கரி குடித்ததா, காகிதம் குடித்ததா?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் வைவா போன வாரம் முடிந்தது. கொட்டாங்குச்சிக் கரியை வைத்துத் தண்ணீரிலிருந்து சாயத்தை எடுப்பதுதான் தலைப்பு. சீனியர்களின் ரிப்போர்ட்டில் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்ததுபோல் இருக்கும். நம்பாதீர்கள்.

உடைத்த கொட்டாங்குச்சியைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 500 டிகிரி உலையில் வைத்தேன். உலைக்குள் வைக்கும் கிண்ணத்தின் (க்ரூசிபிள்) மூடி சரியாகப் பொருந்தாமல் காற்று புகுந்து, பாதி சாம்பல். இரண்டாம் முறை நல்ல கரி கிடைத்தது. கழுவும்போது அவசரப்படாதீர்கள், அமிலம் மிச்சமிருந்தால் சாயக் கரைசலின் பிஎச்சே (அமில-கார அளவு) மாறிவிடும். (கரி அரைத்த மிக்ஸி ஜாருக்கு அம்மா இன்னும் கணக்குக் கேட்கிறார்.)

அப்புறம்தான் உண்மையான அடி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலச் சாயம், அதில் கொஞ்சம் கரி, ஒரு மணி நேரம் குலுக்கல், வடிகட்டி, மிச்சச் சாயம் 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ரீடிங். 98 சதவீதம் நீக்கம்! கரியைக் குறைத்தாலும் 90-க்குக் கீழே இறங்கவில்லை. துள்ளிக் குதித்தேன்.

கைடு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கரியே போடாம ஒரு தடவை வடிகட்டிப் பாத்தியாம்மா?”

பார்க்கவில்லை. பார்த்தபோது, நீலத்தில் பெரும்பகுதி வடிதாளிலேயே ஒட்டிக்கொண்டது. தாள் செல்லுலோஸ், தண்ணீரில் அதன் மேல் லேசான எதிர்மின் சுமை. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். விடுமா? மூன்று வார ரீடிங் குப்பைக்குப் போனது.

சரி, வடிதாளே வேண்டாம், வேகமாகச் சுழற்றிக் கரியை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜ் போதும் என்று பக்கத்துத் துறைக்குப் போனால், “எச்.ஓ.டி. கையெழுத்து வேணும்” என்றார் லேப் அண்ணன். எச்.ஓ.டி. நான்கு நாள் லீவு. மெஷின் அங்கே சும்மாதான் கிடந்தது. கிடைத்த பிறகும் ஒரு தப்பு: குறைந்த நேரம் சுழற்றியதால் நுண்கரி மிதந்து ரீடிங்கை ஏற்றிவிட்டது. தெளிந்த மேல்நீரை மட்டும், அடியைக் கலக்காமல் எடுங்கள்.

கடைசியாக, ஒரு சாயப்பட்டறையிலிருந்து நிஜத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். கரி கண்டுகொள்ளவே இல்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் சுமை கொண்டவை. என் கரியின் மேற்பரப்பும் அப்படித்தான். பிஎச்சை 3-க்கு இறக்கிக் கரியின் எதிர்மின் சுமையைக் குறைத்ததும் தண்ணீரின் சிவப்பு ஓரளவு வெளுத்தது. மெத்திலீன் நீலத்தில் வந்த எண்ணை வைத்துப் பட்டறைத் தண்ணீருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் தேர்வாளரின் முதல் கேள்வி: “பிளாங்க் போட்டீங்களா?” கரியே போடாமல் செய்த அந்தச் சோதனைதான் பிளாங்க். அது இருந்த பக்கம் 41-ஐத் திருப்பி நீட்டினேன்.