குடை புடிச்ச கதை

எங்க வீட்டு அரிசி டப்பாக்குள்ள இப்போ ஒரு கேமரா இருக்கு. சிரிக்காதீங்க. செங்கோட்டையில ஆடி சாரல் முடிஞ்ச கையோட ஐப்பசி கார்த்திகை மழை புடிச்சுக்கிடும், வருசத்துல பாதி நாள் காத்துலயே ஈரம், லென்சுக்குள்ள வலை பின்னுன மாதிரி பூஞ்சை வந்துரும். சிலிக்கா ஜெல் பாக்கெட் வாங்கி வைக்கணும்னு பையன் பெங்களூர்லேர்ந்து சொன்னான், வீட்டம்மாதான் "அதெதுக்கு காசக் குடுத்து, அரிசி ஈரத்த இழுக்காதா"ன்னு தூக்கி உள்ள போட்டுட்டா. இப்போ பூஞ்சை இல்ல, ஜூம் திருகினா கரகரன்னு தவிடு சத்தம் கேக்குது, அவ்வளவுதான்.

36 வருசம் தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துன கை இது. ரிட்டயர் ஆன அன்னிக்கு பையன் இந்த கேமராவ வாங்கிக் குடுத்தான். அப்பா காலத்துல வீட்டுல ஒரு ஆக்ஃபா கிளிக் 3 இருந்துச்சு, 120 ரோல் போட்டா 12 படம், அந்த 12ஐ எடுக்க எங்கப்பா ஒரு வருசம் யோசிப்பாரு, பொங்கலுக்கு ரெண்டு, கோயில் கொடைக்கு ரெண்டு, மிச்சத்துக்கு யாராவது கல்யாணம் பண்ணணும். நான் ஒரு காக்காவுக்கே 60 படம் எடுக்கேன். காக்கா எல்லாத்துலயும் திரும்பித்தான் இருக்கு, அது வேற விசயம்.

ரொம்ப நாளா ஒரு ஆசை, கழுதுருட்டி 13 கண்ணறைப் பாலத்துல ரயில் போறப்போ ஒரு படம் எடுக்கணும்னு. எங்க ஊர்லேர்ந்து புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு தாண்டி, தென்மலை போற வழியில ரோட்ட ஒட்டியே நிக்கும், கருங்கல்லுல 13 வளைவு, 1904ல இந்த லைன் வந்த காலத்துப் பாலம். மீட்டர் கேஜ் காலத்துல அதுமேல எத்தன தடவ போயிருப்பேன், அப்போ கையில கேமரா இல்ல. 2010ல லைன மூடி, அகலப்பாதை ஆக்கி 2018லதான் திறந்தாங்க. இப்போ கேமரா இருக்கு, ரயில் இருக்கு, முட்டிதான் வலிக்கி.

2025 டிசம்பர் 7 ஞாயித்துக்கிழமைன்னு முடிவாச்சு. கொல்லத்துலேர்ந்து சென்னை போற வண்டி மத்தியானம் அந்தப் பக்கம் ஏறி வரும், வெளிச்சம் நல்லாருக்கும்னு என் கணக்கு. துணைக்கு எங்க சம்மந்தியும் வாரேன்னுட்டாரு. மருமகளோட அப்பா, புனலூர்காரர், கேரளா ஸ்டேட் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, புனலூர் தென்காசி ரூட்லயே பாதி சர்வீஸ் ஓட்டினதால தமிழ் நல்லாவே வரும், என்ன, எல்லா வாக்கியமும் "முன்னாடி போ, முன்னாடி போ"ங்குற தொனியிலதான் வரும்.

சபரிமலை சீசன் பாருங்க, எஸ் வளைவுல ஐயப்பமார் வேன் ஒரு பக்கம், எம்சாண்ட் லாரி ஒரு பக்கம், ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம். அந்த லாரியக் காட்டி வீட்டம்மா "நம்ம மலைய உடைச்சு அங்க கொண்டு போறாவ, அங்கேர்ந்து நமக்கு குப்பை வருது, நல்ல யாவாரம்"ன்னா. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் கொட்டுன ஆஸ்பத்திரிக் குப்பைய கேரளாக்காரங்களே வந்து திருப்பி அள்ளிட்டுப் போனாங்கல்ல, அத மனசுல வச்சு சொல்லுதா. இத சம்மந்தி முன்னாடி சொல்லிராத தாயின்னு கெஞ்சி வச்சேன்.

பாலத்துக்கு எதிர்ல சம்மந்தி ஏற்கெனவே வந்து கட்டஞ்சாயா குடிச்சுட்டு நின்னாரு. நான் ட்ரைபாட விரிச்சதும் டீக்கடைக்காரர் முகம் மாறிப்போச்சு. "எந்தா சாரே, சர்வேயா? மஞ்சக்குற்றி அடிக்கானா?"ன்னாரு. 2022ல அந்த கே ரயில்ங்குற வேக ரயில் திட்டத்து சர்வேக்குன்னு மஞ்சக் கல்லு நட்டு கேரளா பூரா சண்டை நடந்துச்சே, அந்தப் பாதை இந்தப் பக்கமே கிடையாது, இருந்தாலும் மூணு கால் குச்சியக் கண்டா அங்க யாருக்கும் ஆவாது. சம்மந்தி "அல்ல, இது நம்ம மோள்டெ அம்மாயியச்சன், வெறும் ஹாபி"ன்னு சமாதானம் சொன்னாரு. வெறும் ஹாபியாம்.

வண்டி வர நேரம் இருந்துச்சு, அதனால வழக்கம்போல 1956 ஆரம்பிச்சுது, செங்கோட்டை கேரளாவுக்குப் போகாம நம்ம பக்கம் சேந்த வருசம். எங்க ரெண்டு பேருக்கும் இதான் பொழுதுபோக்கு. "நவம்பர் 1, 1956 வரைக்கும் நீங்க திருவிதாங்கூர் கொச்சி ஆளு, எங்களுக்கு அடங்கின ஊரு"ம்பாரு. "உங்களுக்கு அடங்கியிருந்தா ஏன் விட்டுட்டுப் போனோம்"ன்னு நான். அவரு முல்லைப்பெரியாறுக்குப் போவாரு, நான் "தேனிக்காரங்கிட்ட போய்ப் பேசுங்க, எனக்கு குத்தாலம் போதும்"னு தப்பிச்சுருவேன். அன்னிக்கு ஆனா அவருக்கு மனசு அதுல இல்ல. செவ்வாக்கிழமை உள்ளாட்சி எலெக்சன், அவரு தம்பி பொஞ்சாதி பஞ்சாயத்து வார்டுக்கு நிக்குது. அங்க பாதி சீட்டு பொம்பளையாளுகளுக்குத்தான், அதனால குடும்பத்துக்கு ஒரு வேட்பாளர் கெடச்சிருதாவ. எதிர்ல ஒரு சுயேச்சை, கடுமையான போட்டியாம். சின்னம் என்னன்னு அவரும் சொன்னாரு, நான் ஷட்டர் ஸ்பீட் பாத்துக்கிட்டு உம் கொட்டினேன். அந்த உம்முதான் பின்னால வந்து நின்னுச்சு.

சரியா வண்டி சத்தம் கேக்கும்போது மழை புடிச்சுக்கிட்டு. "ஏங்க, பையன் வாங்கிக் குடுத்தது நனையுதுங்க"ன்னு வீட்டம்மா ஓடி வந்து நீளக் கருப்புக் குடைய எனக்கும் கேமராவுக்கும் சேத்து புடிச்சா, நான் குனிஞ்சு அமுக்குனேன். முன்னாடி ஒரு இன்ஜின், பின்னாடி ஒரு இன்ஜின் தள்ள, மெதுவாத்தான் வரும், அந்த மலைப்பாதையில 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல விட மாட்டாங்க, ஆற அமர எடுக்கலாம். 47 படம். 18 எம்எம் அகலத்துல வச்சிருந்தேன்ங்குறத மறந்துட்டேன், அதனால 47லயும் மேல பாதிக்கு கருப்பா வளைஞ்சு குடையோட விளிம்பு, கம்பி நுனி, சொட்டுற தண்ணி, அதுக்கு அடியில பாலம், ரயில். முதல்ல வயிறு எரிஞ்சது. பாக்கப் பாக்க ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு, பாலத்துல 13 வளைவு, குடை 14ஆவது வளைவு மாதிரி.

சாயங்காலம் புனலூர் கூட்டிட்டுப் போனாரு, கொட்டிக்கலாசம் பாக்கணும்னு. பிரசாரம் முடியுற கடைசி நேரம், ஜங்ஷன்ல எல்லாக் கட்சிக்காரனும் ஒரே இடத்துல கொடிய ஆட்டி, செண்டை அடிச்சு, லாரி மேல ஏறி ஆடி, ஒருத்தன் சத்தத்த ஒருத்தன் அமுக்கி, இப்போ அடிதடி ஆயிரும்னு நான் வீட்டம்மா கையப் புடிச்சுக்கிட்டேன். மணி ஆறாச்சு. டப்புனு நின்னுட்டு. எதிரும் புதிருமா கத்துனவன் ரெண்டு பேரும் ஒரே கடையில பழம்பொரி திங்கான். நம்ம ஊர்ல இதுக்குள்ள ரெண்டு பேனர் கிழிஞ்சிருக்கும். வீட்டம்மா மட்டும் "இந்த சத்தத்துல யாரு பேரும் வெளங்கலையே, எப்படி ஓட்டுப் போடுவாவ"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான்.

மறுநாள் காலையில ஊருக்கு வந்து, படத்த ஃபேமிலி குரூப்ல போட்டேன். ரெண்டு குடும்பமும் சேந்த குரூப்பு, அந்தப் பக்கத்து ஆளுகதான் அதிகம். சும்மா போட்டா நல்லாருக்காதேன்னு ஒரு வரியும் எழுதினேன்: "குடை இருக்க கவலை எதுக்கு!" கீழ ரெண்டு குடை பொம்மை வேற.

பத்து நிமிசத்துல மருமக போன். "அப்பா, அத டெலீட் பண்ணுங்க, சீக்கிரம்!" எதுக்கும்மான்னா, "குடை அந்த சுயேச்சையோட சின்னம் அப்பா! சித்தப்பா வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க!" அன்னிக்கு நிசப்த பிரசார நாள், வேட்பாளரே வீடு வீடா மெதுவாப் பேசிட்டுத் திரியுற நேரத்துல, சம்மந்தி வீட்டுக் குரூப்லயே நான் எதிராளிக்கு ஓட்டுக் கேட்டிருக்கேன், ரயிலும் பாலமும் வச்சு போஸ்டர் அடிச்ச மாதிரி. நான் அவசரத்துல "எனக்கு மட்டும் டெலீட்"ட அமுக்கிட்டேன். எனக்கு மட்டும் போயிட்டு. அவங்க எல்லாருக்கும் அப்படியே இருக்கு. அதுக்குள்ள ஏழெட்டுப் பேரு கட்டை விரல் வேற போட்டிருந்தான், அதுல ரெண்டு பேரு வேட்பாளரோட சொந்த அண்ணன் தம்பி. அது பாலத்துக்கா குடைக்கான்னு அந்த வீட்டுல ராத்திரி வரைக்கும் விசாரணை நடந்துச்சாம்.

சம்மந்தி போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "சின்னம் நான் பறஞ்சப்போ சார் உம் கொட்டினதல்லே?" பதில் சொல்ல முடியல.

13ஆம் தேதி எண்ணிக்கை. குடை ஜெயிச்சுட்டு. எத்தன ஓட்டுன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல, ஆனா சொற்பம்தான்னு மருமக முனகுனா. "ஏழெட்டா?"ன்னு வீட்டம்மா கேட்டுட்டு என்னைப் பாத்தா. ஏன் என்னைப் பாக்கணும்?

கிறிஸ்மஸ் லீவுக்கு பேத்தி வந்திருந்தா, அவளப் பாக்க சம்மந்தி வந்தாரு. தெருமுனையில ஆட்டோ நின்ன நேரம் சடசடன்னு மழை. வீட்டம்மா பதறிப் போய் அதே கருப்புக் குடையோட ஓடுனா. அவரு குடையப் பாத்தாரு, மழையப் பாத்தாரு, தோள்ல கிடந்த துண்ட தலையில போட்டுக்கிட்டு முழுசா நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தாரு. பின்னாலேயே இவ குடையோட. நான் திண்ணையில கேமராவும் கையுமா இருந்தேன், கை சும்மா இருக்கல, வேகமான ஷட்டர்ல மழைத்துளி கூட முத்து முத்தா நிக்குது. இத்தன வருசத்துல நான் எடுத்ததுலயே உருப்படியான படம் அதுதான்.

குரூப்ல போடல.