கோவில்பட்டிப் பக்கம்

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது கயத்தாறில் கட்டபொம்மன் சிலை கண்ணில் படும். 1799 அக்டோபர் 16 அன்று கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் அவரைத் தூக்கிலிட்ட ஊர் அது. சின்ன வயதில் என்னை மடியில் வைத்துக்கொண்டு போகும் ஆச்சி, அந்த இடம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கையோடு ஒரு பெயரைச் சொல்லி ஏசுவாள்: எட்டப்பன். எங்கள் தெருவில் வாத்தியாரிடம் கோள் சொன்னவனுக்கும் அதே பெயர்தான். நானும் பலரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பெயருக்குரிய எட்டயபுரத்துக்கு நான் போனது நாற்பது வயதுக்கு மேல், ஒரு ஐப்பசி மாதம். கோவில்பட்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்தேன். முதல் நாள் பெய்த மழையில் கரிசல் காடு ஊறிக் கிடந்தது.

டீக்கடையில் பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "எங்கேருந்து வாரீய?" என்றார். சொன்னேன். "வெளியூர்ல என்னைய யாராச்சும் ஊர் கேட்டா, கோவில்பட்டிப் பக்கம்னு சொல்லிருவேன் தம்பி. எட்டயபுரம்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பானுவ" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

கட்டபொம்மனைத் தேடிய கும்பினிப் படையோடு எட்டயபுரம் பாளையம் சேர்ந்து நின்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். ஒப்படைத்தவர் அந்தச் சீமையை ஆண்ட தொண்டைமான். ஏச்சு என்னவோ முழுதும் இந்த ஊர்த் தலையில் விழுந்துவிட்டது. பெரியவர் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தி நடந்ததற்கு அவர் ஊர்ப் பெயரை விழுங்க வேண்டியிருக்கிறது.

பாரதி வீட்டையும் மணிமண்டபத்தையும் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லாரும் சொல்லிவிட்டார்கள். 1882 டிசம்பர் 11இல் இங்கே பிறந்த சுப்பையாவுக்குப் பதினோரு வயதில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது இந்த ஊர்ப் புலவர் சபையில்தான் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன். 1945இல் அடிக்கல் நாட்டி 1947இல் திறந்த மணிமண்டபம், கல்கி பத்திரிகையில் வேண்டுகோள் பார்த்து வாசகர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தது. நாலணா எட்டணாவாகச் சேர்த்து அனுப்பிய முகம் தெரியாதவர்களை நினைத்து அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்தேன்.

உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கும் இடத்துக்குப் போனபோது உச்சி வெயில். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்து, எட்டயபுரம் அரண்மனைப் புலவராக இருந்தவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5027 பாட்டில் சீறாப்புராணமாகப் பாடினார். ஆதரித்த சீதக்காதி இடையில் காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். அந்த நன்றியை உமறு காப்பியத்துக்குள்ளேயே பாடி வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது நாட்டுப்படலம். அரபு நாட்டைப் பாட வந்தவர், மலையில் மழை இறங்கி ஆறு பெருகி வயல் விளைவதாகப் பாடுகிறார். வானம் பார்த்த பூமியில் இருந்த புலவருக்கு, தான் நேசித்த நபியின் நாட்டைத் தண்ணீர் இல்லாமல் பாட மனசு வரவில்லை போலும்.

சாயங்காலம், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் சமாதி. செருப்பில் அப்பிய கரிசல் மண்ணைக் கல்லில் தேய்த்துவிட்டு உள்ளே போனேன். திருவாரூரில் பிறந்தவர் இங்கே வந்ததற்குக் காரணம் தம்பி பாலுசாமி. தம்பி எட்டயபுரம் சமஸ்தான வித்வான். வரும் வழியில் காடு காய்ந்து கிடப்பதைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளிடம் மழை கேட்டார் என்றும், கொட்டிய மழையை நிறுத்தவும் பாட வேண்டியதாயிற்று என்றும் சொல்வார்கள். 1835 தீபாவளியன்று, சீடர்கள் மீனாட்சி மேல் அவர் செய்த கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்க, அவர் உயிர் பிரிந்தது.

அவரோடு அந்தப் பாட்டுகள் போயிருக்கலாம். போகாமல் காத்தவர் சுப்பராம தீட்சிதர், பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவருக்கே சுவீகாரமாக வந்தவர். குடும்பத்துக்குள் வாய்வழியாக வந்ததையெல்லாம் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்களுக்கான குறிகளோடு எழுதி, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று தெலுங்கு எழுத்தில் 1904இல் அச்சாக்கினார். சென்னையில் இல்லை, இந்த ஊர் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில். சுற்றிலும் பருத்திக்காடு. நடுவே ஒரு கம்போசிட்டர், ஸ்வரத்துக்கு மேலே வளைவும் நெளிவுமாக நிற்கும் குறிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிறார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுக்கு. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அவருக்கு எங்கேயும் ஒரு கல் இல்லை.

சமாதியில் என்னைத் தவிர யாரும் இல்லை. போனில் அந்த மீனாட்சி கீர்த்தனையை மெதுவாக வைத்து, முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பஸ் கயத்தாறை நெருங்க நன்றாக இருட்டிவிட்டது. சிலை இருக்கும் பக்கம் பார்த்தேன். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. ஆச்சியின் ஏச்சு மட்டும் வாயில் வரவில்லை.