மணிமண்டபத்தில் அம்மாவுக்குக் கேட்டது

அம்மாவுக்குக் காது மெஷின் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வா என்றால் மட்டும் ஆகவே ஆகாது. போன மாதம் நெல்லையப்பரைப் பார்க்கக் கிளம்பியவர்கள் வழியில் இன்னொரு கோயிலில் இறங்கினோம், பெயர் வேண்டாம். கல் மண்டபம், தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி, யாரோ ஏதோ அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அரை நிமிஷத்தில் மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "ஒரே இரைச்சலாட்டு இருக்குய்யா, ஒண்ணும் வெளங்கல" என்றார்.

எனக்கும்தான் விளங்கவில்லை. கருங்கல் சத்தத்தை விழுங்காது, மேலே பட்டதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்றால், பக்கத்துப் பெட்டியைவிட 34 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டியின் குரல் நம்மிடம் வர பத்தில் ஒரு நொடி பிந்தும், அதற்குள் பேசுகிறவர் அடுத்த எழுத்தில் இருப்பார். மெஷின் பாவம், பேச்சு எது எதிரொலி எது என்று அதற்கு எங்கே தெரியும், எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டுகிறது.

திருநெல்வேலிக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் இல்லை. சுவாமி சன்னதிக்கு முன்னால் மணிமண்டபம், நடுவில் பெரிய தூணும் அதைச் சுற்றி மெல்லிய தூண்களுமாக எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. இசைத்தூண்கள் என்று ஊரே சொல்வது இவற்றைத்தான். சின்ன வயதில் வந்தபோது யாரோ தட்டிக் காட்டினார்கள், உள்ளே குடைந்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள், நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஹம்பி விட்டலர் கோயிலில் இதே மாதிரித் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்து, உள்ளே வெற்றிடம் கிடையாது, கெட்டிக் கல்தான் என்றார்கள். தட்டினால் தூண் இம்மியளவு வளைந்து அதிர்கிறது, சத்தம் அதிலிருந்து வருகிறது. நீளம் குறைந்தாலோ தடிமன் கூடினாலோ சுருதி ஏறும். உளி கொஞ்சம் அதிகமாகப் பட்டுவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாத கல்லில் இதைச் செய்திருக்கிறார்கள், அந்தச் சிற்பிக்கு என்ன காது இருந்திருக்க வேண்டும்! நான் தட்டவில்லை, தட்டித் தட்டித் தேய்த்தது போதும்.

அப்போது ஓதுவார் பாட ஆரம்பித்தார். மைக் இல்லை. சம்பந்தர் இந்த ஊருக்குப் பாடிய பதிகம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

அதே கருங்கல்தான், ஆனால் இங்கே ஒரே ஒரு குரல், அதுவும் நாங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து. கூரையிலும் தூண்களிலும் பட்டு உடனே திரும்புகிற சத்தத்தைக் காது தனியாகப் பிரிக்காமல் மூலக் குரலோடு சேர்த்துக்கொள்ளும், அதனால் குரல்தான் கனக்கிறது. உருண்டையும் பட்டையுமான அத்தனை தூண்கள் மிச்சத்தைச் சிதறடித்துவிடுகின்றன. அதோடு பண்ணில் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி இழுக்கும்போது, முந்தின சுரத்தின் வால் அடுத்த சுரத்துக்குத் தம்பூரா மாதிரி பின்னால் நிற்கிறது. இந்த இடத்துக்காகவே இப்படிப் பாடினார்களா, பாட்டுக்காக இப்படிக் கட்டினார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா கண்ணை மூடி வாயசைத்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் ஓதுவார் மூச்சு வாங்கியபோது அடுத்த அடியை அம்மா முன்கூட்டியே எடுத்துவிட்டார், கொஞ்சம் சத்தமாகவே. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

அப்புறம் சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதி அம்மன் சன்னதிக்கு நடந்தோம். மெஷின் காதிலேயே இருந்தது. "என்னய்யா இவ்வளவு புறா!" என்றார். எத்தனையோ தடவை வந்த கோயில், புறா புதுசா என்ன. அம்மன் சன்னதியில் குருக்கள் தட்டை நீட்டி மெல்லிய குரலில் பேர், நட்சத்திரம் கேட்டார். வழக்கம்போல நான் அம்மா காதருகே குனிந்து கத்தப் போனேன். அதற்குள் அம்மாவே சொல்லி முடித்திருந்தார், தன்னுடையதையும் என்னுடையதையும்.