மிதவை இரண்டு மீட்டர் என்றால் கரையில் எவ்வளவு?

சர்ஃபிங் பயிற்சியாளர் என்றால் பலகையும் தண்ணீருமாகத் திரிகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதி வேலைதான். மீதி விடிவதற்குள் முடிந்துவிடும். ஆழ்கடலில் நங்கூரமிட்டிருக்கும் அலை மிதவை அனுப்பிய எண்களைப் பார்த்து, இன்று புதியவர்களை இறக்கலாமா, எத்தனை மணிக்கு இறக்கலாம் என்று முடிவு சொல்ல வேண்டும்.

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "இன்னைக்கு எத்தனை மீட்டர்?" என்றுதான். நான் கடைசியாகப் பார்ப்பது அந்த எண்ணை. மிதவை ஒரு குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் 20 அல்லது 30 நிமிடம், தன் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் என்ன வருமோ, ஏறக்குறைய அதுதான் திரையில் தெரியும் உயரம். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்க அலையைக் கணிக்க வேண்டியிருந்தபோது கடலியல் ஆய்வாளர்கள் ஹரால்டு ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்க்கும் கொண்டுவந்த அளவு இது. சராசரி என்பதால் இதைத் தாண்டும் அலைகளும் வரும். எப்போதாவது ஒன்று இரண்டு மடங்கு வரைகூட எழும். வகுப்பு நடத்துகிறவனுக்குக் கவலை அந்த ஒன்றைப் பற்றித்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஒற்றை எண்ணுக்குள் பல அலைகள் கலந்திருப்பது. தொலைதூரப் புயலிலிருந்து வரும் ஸ்வெல் 1.2 மீட்டர், பக்கத்துக் காற்று கிளப்பிய அலை 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிதவை 2.8 என்று காட்டாது, 2 என்று காட்டும். உயரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் கணக்கு இது. அந்த 2 மீட்டரில் நமக்குப் பயன்படுவது 1.2 மட்டுமே, மீதி குழப்பம். சில மிதவைகள் ஸ்வெல்லையும் காற்றலையையும் பிரித்தே தருகின்றன. அப்படித் தந்தால் மொத்த உயரத்தை நான் பார்ப்பதுகூட இல்லை.

என் கண் முதலில் போவது பீரியடுக்கு, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஓடும் வினாடிகளுக்கு. 8 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். 16 வினாடி என்றால் சுமார் 400 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். ஆகவே 8 வினாடி அலை 50 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகுதான் வளையத் தொடங்கும். 16 வினாடி அலையோ 200 மீட்டரிலேயே வளையத் தொடங்கி, கரைக்கு வரும்போது கூடுதலாக உயர்ந்து உடையும். மிதவையில் இரண்டும் ஒரே 1.5 மீட்டராகத்தான் இருக்கும், கரையில் இரண்டும் வேறு கடல். 1.5 மீட்டர், 8 வினாடி என்றால் நான் யோசித்து இறக்குவேன். 1.5 மீட்டர், 16 வினாடி என்றால் புதியவர்களுக்கு அன்று மணலில் பயிற்சிதான்.

நேரமும் பீரியடிலேயே இருக்கிறது. ஆழ்கடலில் 16 வினாடி ஸ்வெல் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நகரும், 8 வினாடி அதில் பாதி. மிதவை 90 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் முதலாவது சுமார் 2 மணி நேரத்தில் வந்துவிடும், அடுத்தது 4 மணி நேரம் எடுக்கும். புது ஸ்வெல்லின் நீண்ட அலைகள் முன்னால் ஓடி வருவதும் இதனால்தான். உயரம் இன்னும் ஏறாமல் பீரியட் மட்டும் திடீரென்று 17, 18 என்று குதித்தால் நான் உஷாராகிவிடுவேன். ஆனால் ஒரு மணிக்கு 7, அடுத்த மணிக்கு 15, மறுபடி 7 என்று மாறி மாறி வந்தால், மிதவை கெட்டுவிட்டது என்று உடனே போன் வரும். கெடவில்லை. இரண்டு அலைக் கூட்டங்கள் கிட்டத்தட்ட சம பலத்தில் இருக்கின்றன. எது கொஞ்சம் ஓங்குகிறதோ அதன் பீரியடைத் திரை காட்டுகிறது, அவ்வளவுதான்.

திசை எண் அலை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. 270 டிகிரி என்றால் மேற்கிலிருந்து. கரை அந்தப் பக்கம் திறந்திருக்கிறதா, நடுவே தீவோ முனையோ மறைக்கிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓதம், மணல்திட்டு, கரையோரக் காற்று பற்றி மிதவையின் அலை எண்களில் எதுவும் இருக்காது. அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். காலை எண்கள் ஒரு பக்கம், கரையில் உண்மையில் வந்தது மறுபக்கம். எந்தச் செயலியையும்விட எனக்கு உதவியது இதுதான்.

அப்புறம், நீண்ட பீரியட் நாட்களில் ஒரு செட்டுக்கும், அதாவது சேர்ந்தாற்போல் வரும் பெரிய அலைகளின் வரிசைக்கும், அடுத்த செட்டுக்கும் நடுவே கடல் வெகுநேரம் சும்மா கிடக்கும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று பலகையைத் தூக்குகிறவர்களை நான் விடுவதில்லை. இருபது நிமிடமாவது கரையில் நின்று பார்க்கச் சொல்வேன்.